குளக்கரைத் துவாரபாலகர்

மயாமித் துறைமுகத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்பட்டு, கரிபியன் கடலில் இரண்டு மூன்று தீவுகளை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு விடியற்காலையில் அதே துறைக்குத் திரும்பி வரும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில், ஐயாயிரம் ஜனங்கள் ஏககாலத்தில் சந்தோஷமாக இருந்தே தீருவது என்ற சங்கல்பத்துடன் ஏறியிருக்கும்போது, அவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் சந்தோஷத்தைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல், ஒழுங்கைப் பற்றியே சதா விசாரமாயிருப்பதைக் காணலாம். அவர் வாசம் செய்வது கப்பலின் முன்புறத்து மேல்தளம். அங்கே கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்றும், வெந்நீர்த் தொட்டிகளும், வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலிகளும் உண்டு. வாசலில் ஒரு பலகை. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையைக் கப்பல் கம்பெனியார் தங்கள் வியாபார சௌகரியத்துக்காக மாட்டினார்கள் என்று உலகம் நினைக்கிறது. அது தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட சாஸனம் என்பது அவருடைய சித்தாந்தம்.

பிராயம் அறுபதைத் தாண்டியிருக்கும். சொந்த ஊர் ஒஹையோ மாகாணத்திலோ இண்டியானா மாகாணத்திலோ கடலே கண்ணில் படாத ஓரிடம். என்ன உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றார் என்று விசாரித்தால், பள்ளிக்கூடத்து உதவித் தலைமை ஆசிரியர் என்றோ, காப்பீட்டுக் கம்பெனியில் ஜனங்கள் கேட்கும் நஷ்டஈட்டை இல்லையென்று சொல்லி அனுப்பும் அதிகாரி என்றோதான் பெரும்பாலும் தெரிய வரும். காலை ஆறு மணிக்கு, சிப்பந்திகள் தரையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிடுகிறார். கையில் நாலைந்து துவாலைகள். அவற்றை நாற்காலியோடு சேர்த்துக் கவ்விப் பிடிப்பதற்கென்றே விற்கும், பச்சைக்கிளி வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் கிளிப்புகள். முதல் கப்பல் பிரயாணத்திலிருந்தே உடன் வருவதும் இன்னும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டாததுமான தடித்த நாவல் ஒன்று. கடலைப் பார்க்கத்தான் கப்பலேறினோம் என்று எண்ணும் பாமரர்கள் நாற்காலியைக் கடலை நோக்கித் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். இவர் கடலுக்கு முதுகைக் காட்டி, வாசலுக்கு முகத்தைக் காட்டி அமர்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயிலில், ஒரு காலைத் தூக்கி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் துவாரபாலகரைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் இவரை அதிகமாக வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த மூர்த்திக்கு ஓர் அரைக்கால் சட்டையும், ஓலைத் தொப்பியும், மூக்கின்மேல் வெயிலுக்குப் பூசும் வெள்ளைக் களிம்பும் சேர்த்துவிட்டால் போதும். மற்றொரு பொருத்தமும் உண்டு. துவாரபாலகர் கர்ப்பக்கிருகத்துக்குள் போவதில்லை. இவரும் குளத்துக்குள் இறங்குவதில்லை.

இறங்காததற்கு அவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது. கப்பலின் உச்சியில் ஜலத்தைத் தேக்கி வைப்பது லேசான காரியமன்று. ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் எடை. அந்தப் பாரம் உயரத்தில் ஏற ஏறக் கப்பலின் நிலைத்தன்மை குறையும். அதிலும் ஜலமோ, போட்ட இடத்தில் கிடக்கும் சரக்காக இல்லாமல், கப்பல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே தானும் ஓடிச் சேர்ந்து, சாய்வுக்கு அனுகூலம் செய்யும் சுபாவம் உடையது. ஆகையால் கப்பல் நிர்மாணிப்பவர்கள் குளத்தைச் சிறியதாகவும் ஆழம் குறைந்ததாகவும் கட்டி, கடல் கொந்தளிக்கும் நாட்களில் நீரை வடித்துவிட்டு, மேலே வலையைக் கட்டிவிடுகிறார்கள். பத்துத் தரம் கை வீசினால் எதிர்க்கரை இடிக்கும் அந்த ஜலாசயத்தில் நீந்த வேண்டுமென்று யாருக்குத்தான் ஆசை வரும்? ஆனால் நீர் வடிந்து, வலை கட்டி, மனித சஞ்சாரமே இல்லாமல் கிடந்த குளத்தின் கரையிலும், காற்றில் பறக்கப் பார்த்த தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு அவர் வீற்றிருந்ததைப் பார்த்த பிறகுதான், அவர் காப்பது ஜலத்தையல்ல, எல்லையை என்பது எனக்கு விளங்கிற்று.

கப்பல் குளத்துக்கு எல்லை வகுப்பது நேற்று வந்த வழக்கமும் அன்று. ‘ஏட்ரியாடிக்’ என்ற கப்பலில் 1907-ஆம் வருஷத்திலேயே உள்ளறைக் குளம் கட்டினார்கள். 1912-இல் மூழ்கிப் பிரசித்தி பெற்ற ‘டைட்டானிக்’கிலும், கடல்நீரை வெதுவெதுப்பாக்கி நிரப்பிய குளம் ஒன்று இருந்தது, அதில் ஸ்திரீகளுக்கு ஒரு வேளை, புருஷர்களுக்கு ஒரு வேளை என்று நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த வேலி காலப்போக்கில் கலைந்துவிட்டது. ஆனால் வேலி இல்லாமல் மனுஷ்யன் நெடுங்காலம் இருக்கமாட்டான். கப்பல்கள் பெரிதாகிக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு ஏறத் தொடங்கியதும், வயது என்ற புது வேலி முளைத்தது.

இந்த வயது விஷயத்தில் நம்மவர் மகா பண்டிதர். எந்தக் கம்பெனியில் எத்தனை வயதில் மனிதனாக அங்கீகரிக்கிறார்கள் என்ற சாஸ்திரம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். ராயல் கரிபியன் கப்பல்களில் ‘ஸோலேரியம்’ எனப்படும் இடத்துக்குப் பதினாறு வயது பூர்த்தியானால் போதும். டிஸ்னி கப்பல்களில் பதினெட்டு. பிரின்ஸஸ் கப்பல்களின் ‘ஸாங்சுவரி’க்கும் பதினெட்டுதான், ஆனால் அங்கே வயது மட்டும் போதாது, தனிக் கட்டணமும் கொடுக்க வேண்டும். கார்னிவல் கப்பல்களின் ‘ஸெரினிட்டி’ என்னும் தளத்துக்கோ இருபத்தொன்று. ஆகவே, பதினேழு வயது வாலிபன் ஒருவன் ஒரு கப்பலில் பெரிய மனிதன். பக்கத்துத் துறையில் கட்டியிருக்கும் மற்றொரு கப்பலில் குழந்தை. அவனே இருபதாவது வயதில், வோட்டுப் போட்டு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்து, பட்டாளத்தில் துப்பாக்கியும் தூக்கிவிட்டு வந்தாலும், ‘ஸெரினிட்டி’யின் வாசலில் அவன் இன்னும் பாலகன்தான். இதில் முரண்பாடு ஒன்றும் நம்மவருக்குத் தோன்றவில்லை. இருபத்தொன்றும் போதாது, நாற்பதாக உயர்த்தலாம் என்பது அவருடைய திருத்தப் பிரேரணை.

குழந்தைகள் வருகிறார்களா என்று கேட்கிறீர்களா? வராமல் எங்கே போவார்கள்? கப்பல் எங்கும் ஐஸ்கிரீம் இனாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழு வயதுப் பையன் ஒருவன், தாயார் வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்ந்திருப்பதைக் கண்டு, ஈரக் காலோடு உள்ளே நுழைகிறான். அப்பொழுது நம்மவர் முகத்தில் ஏற்படும் மாறுதலைக் கோபம் என்று சொல்வது ஸ்தூலமான வர்ணனை. நெடுநாள் காத்திருந்த ரயில் வளைவில் தெரிந்தாற்போல் அவர் நிமிர்ந்து உட்காருகிறார். முதலில் ஒரு கனைப்பு. பிறகு பலகையையும் பையனையும் மாறி மாறிப் பார்க்கும் பார்வை. அதன் பிறகு, யாரையும் குறிப்பிடாமல், கண்ணாடிக் கூரையை நோக்கி ஒரு பிரசங்கம். கடைசியாகத்தான் சிப்பந்தியை அழைப்பது.

“இந்தக் கப்பலில் விதி என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?”

“இருக்கிறது, ஐயா.”

“அப்படியானால், அது என்ன?” என்று விரல் நீளும்.

சிப்பந்தி ஜாவாவிலிருந்து வந்த இளைஞன். எட்டு மாத ஒப்பந்தத்தில் கப்பலேறியவனுக்கு ஊரில் அதே வயதில் ஒரு மகன் இருக்கலாம். அது என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்து, “குழந்தை, ஐயா” என்று அடக்கமாகச் சொல்லிவிட்டுத் தொட்டியின் அருகே போகிறான். தாயார் தலையைத் திருப்பாமலே, “ஐந்து நிமிஷந்தானே, அவன் யாரை என்ன செய்தான்?” என்கிறாள். ஐந்து நிமிஷம் என்பது விதியின் எந்தப் பிரிவில் வருகிறது என்று நம்மவர் தூரத்திலிருந்தே கேட்கிறார். பையன் நடப்பது இன்னதென்று புரியாமல், ஆனால் சுவாரஸ்யமாக ஏதோ நடக்கிறது என்ற திருப்தியோடு, ஐஸ்கிரீமை இரண்டு பங்கு குளத்திலும் ஒரு பங்கு வாயிலுமாகச் செலவிட்டுக்கொண்டிருக்கிறான். தாயும் மகனும் வெளியேறிய பின், நம்மவர் நாவலைத் திறந்து ஒரு முழுப் பக்கம் வாசித்துவிடுகிறார். அன்றைக்கு அது பெரிய நாள்.

குழந்தைகளிலும் டயபர் கட்டிய குழந்தைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் குரல் தழுதழுக்கும். அமெரிக்கத் துறைகளுக்கு வரும் கப்பல்களில், கழிப்பறைப் பழக்கம் வராத சிசுக்களைப் பொதுக் குளத்தில் இறக்கலாகாது என்று அரசாங்கத்துச் சுகாதார இலாகாவே விதித்திருக்கிறது. ஆகவே அவ்விஷயத்தில் அவர் தனி மனிதரல்ல, ராஜாங்கத்தின் பிரதிநிதி.

சத்தத்துக்குப் பயந்துதான் இந்த ஏகாந்தத்தை நாடுகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தொட்டியில் டெக்ஸாஸிலிருந்து வந்த நாலு நண்பர்கள் காலை பத்து மணிக்கே பீர் தம்ளர்களோடு இறங்கி, உலகத்திலுள்ள ஒவ்வொரு மாமியாரைப் பற்றியும் உரத்த குரலில் விமரிசனம் செய்கிறார்கள். அடுத்த நாற்காலியில் ஒருவர் டெலிபோனில் கால்பந்துப் பந்தயத்தை ஊருக்கே கேட்கும்படி வைத்திருக்கிறார். மற்றொருவர் விடும் குறட்டையில் கிளி கிளிப்புகள் அதிர்கின்றன. நம்மவர் ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. ஏன் என்று நான் கேட்டேன். “அவர்கள் வயது வந்தவர்கள் அல்லவா!” என்று, இதுகூடத் தெரியாதா என்ற அனுதாபத்தோடு பதில் சொன்னார்.

மற்றவர்களுக்காக ஏற்பட்ட விதிகளில் அவருக்கு இருக்கும் பக்தி, தமக்கும் சேர்த்து ஏற்பட்ட விதிகளில் சற்றுத் தளர்ந்துதான் காணப்படுகிறது. ஆளில்லாமல் துவாலையை மட்டும் போட்டு நாற்காலி பிடிப்பவர்களின் தொல்லை பொறுக்காமல், கார்னிவல் கம்பெனியார், நேரம் குறித்த சீட்டை நாற்காலியில் ஒட்டிவிட்டு, நாற்பது நிமிஷத்துக்குள் உடையவர் வராவிட்டால் சாமான்களை எடுத்துவிடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். நம்மவரோ எந்தக் கப்பலிலும் நாற்காலியைப் பிடிப்பதில்லையாம், பாதுகாக்கிறாராம். அவர் பாதுகாக்கும் நாற்காலிகள் நாலு. ஒன்று தமக்கு, இரண்டு இரவு உணவு மேஜையில் அறிமுகமாகி இன்னும் ஒரு தடவைகூட மேலே வராத தம்பதிகளுக்கு, ஒன்று மனைவிக்கு.

அந்த அம்மாள் அங்கே வருவதில்லை. நடுத்தளத்துப் பெரிய குளத்தில், சறுக்கிலிருந்து வீறிட்டுக்கொண்டு வந்து விழும் சிறுவர் கும்பலின் மத்தியில், மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வயிறு அடிபட விழும் போட்டிக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். பேரன் பேத்திகளும் அதே கப்பலில்தான் வந்திருக்கிறார்கள். பகல் ஒரு மணிக்கு மூத்த பேத்தி, பன்னிரண்டு வயதுக்காரி, பாட்டி கொடுத்தனுப்பிய ஸாண்ட்விச் தட்டுடன் வருகிறாள். வாசற்படியில் பலகைக்கு அந்தப் பக்கமே நின்று, “தாத்தா, நான் உள்ளே வரவில்லை, நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கூப்பிடுகிறாள். தாத்தா எழுந்து போய் எல்லைக்கோட்டின்மேல் வாங்கிக்கொள்கிறார். நல்ல வளர்ப்பு என்று அப்போது அவர் சுற்றுமுற்றும் பார்த்துத் தலையசைப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இவ்வளவு தொல்லை எதற்கு, குழந்தைகளே ஏறாத கப்பலில் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருடைய மகனுக்கும் தோன்றிற்று. வைக்கிங் கப்பல்களில் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் ஏற்றுவதே இல்லை. மகன் தன் செலவில் அதில் இடம் பிடித்து, பெற்றோரை அனுப்பி வைத்தான். அங்கே குளம் இருந்தது, கூரை இருந்தது, கடல் இருந்தது. பலகை மட்டும் இல்லை. முதல் நாள் அவர் நாற்காலியை எந்தத் திசையில் போடுவது என்று தெரியாமல் மூன்று முறை இடம் மாற்றினாராம். இரண்டாம் நாள் நாவலில் ஐம்பது பக்கம் வாசித்து, அது மோசமான நாவல் என்று கண்டுபிடித்தார். நாலாம் நாள் குளத்திலேயே இறங்கிவிட்டார். ஜலம் குளிர்ந்திருக்கிறதென்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நாட்களை அறையிலேயே கழித்தார்.

இவருடைய இனத்தைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் பரிதாபம். ஸாகா என்ற கம்பெனி, பிரயாணிக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றும், துணைக்கு வருபவர் நாற்பதைக் கடந்திருந்தால் போதும் என்றும் விதித்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதான அந்தக் கனவான், கடைசியில் தம் மனத்துக்கு ஒத்த தர்மராஜ்யம் கிடைத்துவிட்டதென்று பூரித்துப்போய் ஏறினார். சக பிரயாணிகளோ எண்பதும் எண்பத்தைந்துமாக இருந்தார்கள். குளக்கரையில் அவர் தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகக் கலக்கிவிடவே, ஒரு மூதாட்டி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, “மெதுவாக, தம்பி” என்றாளாம்.

நம் துவாரபாலகர் வைக்கிங் கப்பலிலிருந்து ஊர் திரும்பிய மறு வாரமே பிரயாண ஏஜெண்டைக் கூப்பிட்டார். 2024-இல் வெள்ளோட்டம் விட்ட ‘ஐக்கான் ஆஃப் தி ஸீஸ்’ என்ற கப்பலைப் பற்றி ஏஜெண்ட் உற்சாகமாக வர்ணித்தான்: இருபது தளங்கள், ஏழு குளங்கள், ஆறு சறுக்குகள், பெரியவர்களுக்கென்று பின்புறத்தில் தனியாக ஒரு குளம். அவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டபின், பள்ளிக்கூட விடுமுறை வாரத்தில் அதில் எத்தனை குழந்தைகள் ஏறுவார்கள் என்று நம்மவர் விசாரித்தார். வாடிக்கைக்காரர் கை நழுவிவிடப் போகிறார் என்று பயந்த ஏஜெண்ட், ஆயிரத்துக்குக் குறையாது என்று தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். அந்த வாரத்துக்கே முன்பணம் கட்டியாயிற்று.