கெட்டில் மேல் பழி

கே: புதுசாக கெட்டில் வாங்கினோம். டீ போட்டால் பிளாஸ்டிக் வாடை. போர் தண்ணீர் ஊற்றினால் கரிக்கிறது. ருசியைக் கெடுக்காத கெட்டில் எது?
– ஒரு வாசகி, பசியாவரம்

ப: பசியா வரம் கொடுத்த சாமி, தாகத்தை மறந்துவிட்டார் போலிருக்கிறது! சுற்றிலும் பழவேற்காடு ஏரி. சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கரிப்புக்குக் கெட்டில் என்ன செய்யும்? கொதித்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. நீர் ஆவியாகப் போகப் போக மிச்சம் இன்னும் கரிக்கும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடையாது என்றால் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். டீக்கு கேன் தண்ணீர்தான் கதி.

வாடைக்குத்தான் கெட்டில் பொறுப்பு. உள்பக்கம் முழுக்க 304 ரக எவர்சில்வர் இருக்கட்டும். கடைக்காரர் வெளிப்பக்கத்தைத் தட்டிக் காட்டுவார். நீங்கள் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பிளாஸ்டிக் அங்கேதான் ஒளிந்திருக்கும். தண்ணீர் மட்டம் காட்டும் ஜன்னலும் வேண்டாம். இருப்பதைத் தூக்கிப் போடுமுன், இரண்டு மூன்று முறை கொதிக்கவைத்துக் கொட்டிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு விட்டுக் கொதிக்கவைத்தால் கரையும். 1500 வாட் கெட்டில் என்றால் 16 ஆம்பியர் பிளக்கில் சொருகுங்கள்.

அப்புறமும் ருசிக்கவில்லையா? டீத்தூளை விசாரியுங்கள். போடுகிறவரை விசாரிக்கச் சொல்லி நான் மாட்டிக்கொள்ள மாட்டேன்.