தம்பிக்கு ஐந்து குடும்பம் அலாட்மென்ட்

வாழ்த்துகள் தம்பி. நீட் எழுதி, கவுன்சலிங் முடித்து, வெள்ளைக் கோட்டு தைத்து வாங்கிய கையோடு உனக்கு ஐந்து குடும்பங்களும் கிடைத்துவிட்டன. உன்னைப் பெற்றவர்கள் ஒரு குடும்பத்தைக் கட்டி இழுக்கவே நாக்குத் தள்ளிப்போனார்கள். உனக்குப் பதினெட்டு வயதிலேயே ஐந்து! எல்லாம் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தின் கருணை. ஆளுக்கு மூன்று முதல் ஐந்து குடும்பம். முதல் கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாம் கட்டத்தில் 30, மூன்றாம் கட்டத்தில் 21. ஆகக் கூடி 78 மணி நேரத்தில் நீ அவர்கள் வீட்டு மூத்த பிள்ளையாகி, ரத்தசோகையை விரட்டி, சர்க்கரையை அடக்கி, லாக் புக்கில் கையெழுத்தும் வாங்கிவிடலாம்.

உனக்கு ஒதுக்கிய ஊர் ராமகுப்பம் மண்டலத்தில் ஒரு குக்கிராமம் என்று வைத்துக்கொள்வோம். சித்தூர் மாவட்டத்தின் கோடி. தெலுங்கில் பேச்சைத் தொடங்கி, தமிழில் திட்டி, கன்னடத்தில் விலை பேசி முடிக்கிற ஜனங்கள். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவைச் சட்டசபைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் குப்பம் தொகுதி இது. தொலைநோக்குத் திட்டங்களுக்குப் பஞ்சம் இருக்குமா? 2025 ஜூலையில் குப்பம் அரசு மருத்துவமனையில் டாட்டா குழுமத்தோடு சேர்ந்து டிஜிட்டல் நெர்வ் சென்டர் ஒன்றைத் திறந்துவைத்தார் முதல்வர். ஆக, நரம்பு வந்துவிட்டது. ரத்தம்தான் குறைச்சல்: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை.

காலேஜ் பஸ் பத்து மணிக்கு ஊருக்குள் நுழையும். அப்போது வீட்டில் யார் இருப்பார்கள் தெரியுமா? கூலிக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே குப்பம் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மிச்சப் பேர் மல்பெரித் தோட்டத்திலோ, தக்காளிக் கொல்லையிலோ, மாட்டுக்குப் பின்னாலோ. திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருக்கிற கிழவி அகப்படுவாள். அவள்தான் உன் சாம்பிள். அவளை வைத்து இந்த ஊரில் முதியோரும் பெண்களுமே அதிகம் என்று நீ கண்டுபிடிப்பாய். ஆராய்ச்சி என்றால் சும்மாவா!

போனைத் திற. ஃபார்ம் இருக்கிறது. பிரசாத் அளவுகோல் என்கிற வருமானக் கணக்கின்படி குடும்பத்தை ஒரு வகுப்பில் அடைத்தாக வேண்டும்.

"அவ்வா, உங்க மாச வருமானம் எவ்வளவு?"

"எந்த மாசம் சாமி?"

தக்காளி ஒரு மாசம் தங்கம்; அடுத்த மாசம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். எந்த மாசத்தை எழுதுவது என்று உன் பாடப்புத்தகமான பார்க்கில் இல்லை. நீ ஏதோ ஒரு எண்ணைத் தட்டுகிறாய். சிவப்புக் குறி போய்ப் பச்சை வருகிறது. அடுத்த கேள்வி.

"சாப்பாட்டுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுவீங்களா?"

"தண்ணி வந்தா கழுவுவோம்."

சுகாதாரப் பழக்கம்: குறைவு. அடுத்த கேள்வி.

கிழவிக்குப் பிரஷர் எகிறி நிற்கிறது. நேற்று ராத்திரி முழுக்க வீட்டில் யாரும் தூங்கவில்லை. கௌண்டின்யா காட்டு யானைகள் இறங்குமென்று பட்டாசும் தகர டப்பாவுமாகக் கொல்லையில் காவல். யானையைப் பற்றிக் கேட்க ஃபார்மில் கட்டம் கிடையாது. நீ படித்ததைச் சொல்கிறாய்: உப்பைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க, காலையிலே அரை மணி நேரம் வாக்கிங் போங்க. விடிகாலையில் வாக்கிங்! யானையோடா தம்பி?

ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தப் பிரஷருக்கு மாத்திரை? "ரெஃபர் பண்ணியாச்சு." எங்கே? "பக்கத்து ஆஸ்பத்திரிக்கு." பஸ் காசு? ஒரு நாள் கூலி? மறு மாசம் பார்க்கையில் மாத்திரை வாங்கினாளா என்று யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் மறு மாசம் வேறு தலைப்பு. இந்த மாசம் கை கழுவல், அடுத்த மாசம் மனநலம்.

இதற்குள் கிழவியின் பிரஷர் பெரிய பயணம் கிளம்பிவிட்டிருக்கும். உன் போனிலிருந்து எக்செல் ஷீட்டுக்கு, அங்கிருந்து மேற்படிப்பு அக்காவின் தீசிஸுக்கு, பிறகு கான்ஃபரன்ஸ் போஸ்டருக்கு, கடைசியில் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படும் ஒரு சாரின் பயோடேட்டாவுக்கு. கட்டுரையின் கடைசி வரி எல்லா ஊருக்கும் ஒன்றுதான்: மேலும் ஆய்வுகள் தேவை. தேவை யாருக்கு? கிழவிக்குத் தேவை முப்பது மாத்திரை.

உன்னைத் திட்டி என்ன பயன்? ஹவுஸ் சர்ஜன் ஆனதும் உனக்கும் கம்யூனிட்டி மெடிசின் போஸ்டிங் வரும். அதை நீட் பிஜிக்குப் படிக்கக் கிடைத்த லீவு என்றுதான் சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். ஊரைப் பார்த்துக் கொட்டாவி விடும் வித்தையை உனக்குக் கற்றுத்தந்தவர்கள் மேலே இருக்கிறார்கள்.

அவர்கள் பரம்பரையும் லேசுப்பட்டதில்லை. சமூகத்தை அறிந்த மருத்துவர் வேண்டும் என்று போர் (Bhore) கமிட்டி 1946-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. படித்துப் பார்த்து அலமாரியில் வைத்தார்கள். 1977-இல் இன்னொரு ஞானோதயம்: ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று ஒரு திட்டம், அதற்கு நடமாடும் மருத்துவமனை வண்டிகள் வேறு. வட்டாரங்கள் இன்னமும் இருக்கின்றன, பொறுப்பைத்தான் காணோம். 2022-இல் வட்டாரம் சுருங்கிக் குடும்பமாகிவிட்டது. அடுத்த ஞானோதயத்தில் ஆளுக்கு ஒரு கிழவி என்று வரலாம்.

மேற்பார்வை பார்க்கும் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரி இன்ஸ்பெக்‌ஷனில் லஞ்சம், இல்லாத ஆசிரியர்கள், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் கட்டிலில் படுக்கிற நோயாளிகள் என்று 2025-இல் சிபிஐ வழக்கே பதிந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் சுகாதார அமைச்சக அதிகாரிகளும் உண்டு. வழக்கு கோர்ட்டில் நிற்கட்டும். வார்டையே நாடக மேடையாக்கலாம் என்றால், யாருமே போய்ப் பார்க்காத கிராமத்து லாக் புக்கை நம்பச் சொல்கிறீர்களா?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 1969-இல் சுசீலா நய்யார் தொடங்கிய சேவாகிராம் மருத்துவக் கல்லூரியில், முதலாண்டுப் பிள்ளைகள் கிராமத்திலேயே பதினைந்து நாள் தங்குகிறார்கள். பிறகு மாதாமாதம் அதே குடும்பங்களைத் தேடிப் போகிறார்கள். ராமகுப்பத்திலிருந்து மலையிறங்கினால் வேலூர். சிஎம்சி மாணவர்கள் ஊரில் தங்கிப் படிப்பதும் கணியம்பாடி வட்டாரத்தில் அந்தக் கல்லூரி பல பத்தாண்டுகளாக வேரூன்றி நிற்பதும் ரகசியமல்ல. அங்கே படித்த ஆரோலே தம்பதியர் 1970-இல் ஜாம்கேட் போய், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டினார்கள். டெல்லிக்காரர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தங்குவதை விட்டுவிட்டு பஸ்ஸை மட்டும் காப்பியடித்தார்கள்.

ஆய்வின் முடிவை அந்தச் சமூகத்துக்கே சொல்ல வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறையே சொல்கிறது. கல்லூரிகளின் எதிக்ஸ் கமிட்டிகளே, தீசிஸுக்கு ஒப்புதல் தரும்போது ஒரே ஒரு காகிதம் கூடுதலாகக் கேளுங்கள்: பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தெலுங்கிலும் தமிழிலும் முடிவை ஒட்டியதற்குச் சர்பஞ்ச் கையெழுத்து. அது வராமல் மார்க் போடாதீர்கள்.

ராமகுப்பத்து அவ்வா, உனக்கும் ஒரு வார்த்தை. அடுத்த மாசமும் பஸ் வரும். பிள்ளைகளுக்கு மோர் கொடு, பாவம், வெயிலில் வந்திருப்பார்கள். கையெழுத்து கேட்டால் மட்டும், போன வருஷம் எழுதிக்கொண்டு போனது என்ன ஆச்சு, என் மாத்திரை எங்கே என்று கேள். பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதே.