பவர் மாமா

மதுரையில் தெருவுக்கு ஒரு பவர் மாமா உண்டு. மிக்ஸி வாங்கப் போனால் "எத்தனை வாட்ஸ்?" என்பார். செல்போன் என்றால் "எத்தனை மெகாபிக்சல்?". அட்டையில் பெரிய நம்பர் எதில் போட்டிருக்கிறதோ, அதுதான் அவருக்குச் சாமான். ஜிகர்தண்டா கடையில்கூட 'ஸ்பெஷல்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்னப்பா இருக்கு?" என்று கேட்பவர்.

இப்படிப்பட்டவர் கையில் பைனாகுலர் கிடைத்தால் என்ன ஆகும்? விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் பாவம், நல்ல மனுஷன். "பறவை பாக்குறவங்க இதத்தாண்ணே எடுப்பாங்க" என்று 8×42 ஒன்றை நீட்டினார்.

"எட்டா? எட்டு மடங்கு பாக்குறதுக்கு எட்டு எட்டு எடுத்து வச்சு நானே பக்கத்துல போயிருவேனே!"

கடைசியில் எடுத்தது 10-30×50. வலது கண் பக்கம் ஒரு சின்ன நெம்புகோல். இந்தக் கோடியில் வைத்தால் 10, அந்தக் கோடிக்குத் தள்ளினால் 30. மாமா அதை 30-க்குத் தள்ளினார். அதற்குப் பிறகு அந்த நெம்புகோல் இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. "முப்பதுக்குக் காசு குடுத்துட்டு எதுக்குடா மாப்ள பத்துல பாக்கணும்?"

முதல் அரங்கேற்றம் சாமநத்தம் கண்மாய்க் கரையில். பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் 8×42-ஐ வைத்துக்கொண்டு, "அந்தா கூழைக்கடா, இந்தா அரிவாள்மூக்கன்" என்று நோட்டில் எழுதித் தள்ளுகிறார்கள். மாமா கருவேல மரத்துக்கும் தண்ணீருக்குமாக அலைகிறார். எட்டு மடங்கில் பார்த்தால் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஏறக்குறைய 130 மீட்டர் அகலத்துக்குக் காட்சி விரியும். முப்பதில் அது 40 மீட்டரைத் தொட்டாலே பெரிது. அதோடு, பெருகுவது பறவை மட்டுமில்லை, கை நடுக்கமும் முப்பது மடங்கு பெருகும். காலையில் இரண்டு காபி குடித்த மாமாவுக்குக் கண்மாயே குத்தாட்டம் போட்டது. "கூழைக்கடா தெரியுதா மாமா?" என்று ஒரு பையன் கேட்டான். "வெள்ளையா ஏதோ தெரியுதுப்பா. ரொம்பப் பக்கத்துல!"

கேட்டால் பரம்பரைப் பெருமை வரும். "எங்க தாத்தா நாகமலைப் பக்கம் வேட்டைக்குப் போனவருடா. குறி பாக்குறது எங்க ரத்தத்துலயே இருக்கு." 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த ரத்தத்துக்கு வேலை இல்லாமல் போய், மிச்சமிருப்பது இந்த பைனாகுலர்தான்.

வேடிக்கை என்னவென்றால், வேட்டைக்காரர்கள் மாமா கட்சியே இல்லை. சட்டம் அனுமதிக்கிற ஜெர்மனி போன்ற நாடுகளில், காட்டுப்பன்றியை விரட்டி வேட்டையாடுகிறவர்கள் துப்பாக்கியில் 1 முதல் 4, இல்லாவிட்டால் 1 முதல் 6 வரை மாற்றிக்கொள்ளும் சின்னத் தொலைநோக்கியைத்தான் பொருத்துகிறார்கள். அதையும் 1-லேயே வைத்து, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நிற்பார்கள். பன்றி இருபது அடியில் புதரைக் கிழித்துக்கொண்டு வரும். அப்போது முப்பது மடங்கில் பார்த்தால் தெரிவது பன்றியல்ல, பன்றியின் நாலு முடி. தூரத்தில் அசையாமல் நின்றால்தான் பவரை ஏற்றுவார்கள். 1926-இல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைச் சுட்ட ஜிம் கார்பெட்டின் துப்பாக்கியில் டார்ச் லைட்தான் கட்டியிருந்தது; தொலைநோக்கியே கிடையாது.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவிய்ங்களுக்கு வசதி இல்ல போல" என்றார்.

உச்சக்கட்டம் சித்திரைத் திருவிழாவில். ஆழ்வார்புரத்தில் சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடி. விடிந்தும் விடியாத நேரம், வைகைக் கரை முழுக்கத் தலை. தங்கக் குதிரையில் அழகர் வருகிறார். மதுரைக்காரனுக்கு அந்த நிமிஷம் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என்ன கலர் பட்டு? பச்சை என்றால் அந்த வருஷம் நாடு செழிக்கும். மாடியில் இருந்த அத்தனை பேரும் மாமா முகத்தைப் பார்த்தார்கள். மாமா பைனாகுலரைத் தூக்கினார். நெம்புகோல் 30-இல்.

அந்த வேளையில்தான் கணக்கு காலை வாரியது. 50 மில்லிமீட்டர் கண்ணாடியை 30-ஆல் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றை ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். பத்தில் வைத்திருந்தால் ஐந்து மில்லிமீட்டர் வந்திருக்கும். பகலில் இது பெரிய குறையாகத் தெரியாது. அரையிருட்டில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு ஏங்கும்போது மாமாவுக்குத் தெரிந்தது கரும்பலகை.

"என்ன கலர் மாமா?"

"இருங்கடா, குதிரையத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"மாமா, அழகர் ஆத்துல எறங்கிட்டாரு!"

"எந்த ஆத்துல?"

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த அப்பத்தா, மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டபடியே சொன்னது: "பச்சைப் பட்டுடா!" குலவைச் சத்தத்தில் மாடியே அதிர்ந்தது.

மாமா அசரவில்லை. "கலரு எல்லாருக்குந்தான் தெரியும் அப்பத்தா. ஒரு மணி தெரிஞ்சது பாருங்க! குதிரை கழுத்து மணியா, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் சட்டைப் பித்தானான்னுதான் பிடிபடல. அடுத்த வருசம் அறுபதுல ஒண்ணு எடுத்துட்டா அதுவும் வெளங்கிரும்."