கவலைக் காதடைப்பு: தோற்றமும் பராமரிப்பும்

காதடைப்பை ஆராய்ந்த நம் ஊர்ப் பெரியவர்கள் மூன்று கட்சிகளாகப் பிரிந்து கிடக்கிறார்கள். குறும்பிக் கட்சியின் ஆயுதங்கள் ஊக்கு, கொண்டை ஊசி, பைக் சாவி, பேனா மூடி. சளிக் கட்சி போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கும். பசிக் கட்சியோ, ‘பசி காதை அடைக்குது’ என்று அறிவித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் நுழைந்துவிடும்; மூன்றில் இதுவே நடைமுறை தெரிந்த கட்சி. இந்த மூவர் கணக்கிலும் வராத காதடைப்பு ஒன்று உண்டு. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தைய வாரம், வீட்டுக் கடன் மனு வங்கியில் தூங்கும் நாட்கள், ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கப் போகிற காலை என்று பருவம் பார்த்து வருவது அது. காதில் அழுக்கு இருக்காது, மூக்கில் சளி இருக்காது, ஆள் சாப்பிட்டும் முடித்திருப்பார். அந்தக் காதைக் கவலை லேசாகச் சாத்திவிட்டுத்தான் போகிறது, தாழ்ப்பாள் போட்டுக் காவல் காப்பவர் காதின் சொந்தக்காரரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் உடற்கூறு. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் ஓடுகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பார்த்தோலோமியோ யூஸ்டாக்கி விவரித்ததால் அதற்கு யூஸ்டேசியன் குழாய் என்று பெயர். சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை வெளியோடு சமன்செய்யும். மேட்டுப்பாளையத்தில் சுமார் 300 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊட்டிக்கு ஏறுகிற பஸ்ஸில் புளிப்பு மிட்டாய் கைமாறுவதன் விஞ்ஞானம் இவ்வளவுதான். நம் ஆய்வுக்கு முக்கியமான செய்தி வேறு. குழாயைத் திறக்கும் அண்ணத் தசை, செவிப்பறையை இழுத்துப் பிடிக்கும் குட்டித் தசை, பல்லைக் கடிக்கும் தாடைத் தசை ஆகிய மூன்றுக்கும் ஐந்தாம் மூளை நரம்பின் ஒரே கிளைதான் பொறுப்பு. ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் ஓடுகிற வீட்டில் ஒருவர் கிரைண்டர் போட்டால் மற்றவர் வீட்டு விளக்கு மங்குவது போல, கவலையில் பல்லைக் கடிக்கிறவரின் காதும் சும்மா இருப்பதில்லை. போதாக்குறைக்குத் தாடை மூட்டு காதுத் துவாரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. சுண்டுவிரலைக் காதில் வைத்து வாயைத் திறந்து மூடினால் அது விரலில் இடிக்கும்.

ஆனால் பல் கடிப்பு இவ்வளவையும் விளக்கிவிடாது. தாடை தளர்ந்த பிறகும் அடைப்பு நாள்கணக்கில் நீடிப்பதேன்? இங்கேதான் பராமரிப்புப் பணி வருகிறது. கவலைக்காரர் வலது காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் கேட்கிறார். பிறகு இடது காதருகே. இடது கொஞ்சம் மந்தம். உறுதிசெய்ய மறுபடி வலது. இப்போது வலதும் மந்தம். போனைக் காது மாற்றி வைக்கிறார், டிவி சத்தத்தின் எண்ணை மனப்பாடம் செய்கிறார், மூக்கைப் பொத்தி ஊதுகிறார். இந்த ஊதலுக்குப் பெயர் தந்தவர், 1704இல் மனிதக் காதைப் பற்றி நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் வால்சால்வா. விமானம் இறங்கும்போது மெதுவாக ஊத அது நல்ல வித்தை. முக்கி முக்கி ஊதினால் செவிப்பறைதான் பிதுங்கும், உடனே காது ஒரு மாதிரி இருக்கும், ‘ஒரு மாதிரி’ இருப்பதால் மறுபடி ஊத வேண்டியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்கும் மாற்று முறைக்கு லண்டன் காது மருத்துவர் ஜோசப் டாய்ன்பியின் பெயர். அவர் காதிரைச்சலுக்கு வழி தேடி, குளோரோஃபார்மையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தன்மீதே சோதித்து 1866இல் இறந்துபோனார். காதைச் சோதிக்கும் ஆசை நிபுணர்களையும் விட்டுவைப்பதில்லை.

பசிக் கட்சியின் ஆட்சேபம் எளிதில் தீரும். ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. கவலைக்கும் அதே சரக்குதான். ஆக, அவர்கள் நம் கட்சியின் கிளை. சளிக் கட்சி எழுப்பும் கேள்வி கனமானது: காது முதலில் அடைத்து, அதனால் கவலை வந்திருக்கக் கூடாதா? தாராளமாக வரலாம். ஜலதோஷத்தில் தொடங்கிய அடைப்பு பல உண்டு. ஆனால் சளி வற்றி, மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து, செவிப்பறை அழுத்தச் சோதனையும் செய்து, ‘காது சுத்தமா இருக்கு’ என்று சொன்ன பிறகும் ஒருவர் முகம் வாடி, வேறு டாக்டர் யார் என்று விசாரித்தால், வழக்கு எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. குறும்பிக் கட்சிக்கு ஒரு சலுகை தரலாம். காதின் தோல் தானாகவே வெளிப்பக்கம் நகர்ந்து அழுக்கைத் தள்ளிக்கொண்டு வரும் ஏற்பாடு உடையது. வருகிற அழுக்கைப் பஞ்சுக்குச்சியால் எதிர்கொண்டு உள்ளேயே திருப்பி அனுப்புகிறவருக்கு, இல்லாத அடைப்பைத் தேடப் போய் நிஜ அடைப்பே கிடைத்துவிடும். அதை ஊசியால் உள்ளே குத்தாமல் மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்வதுதான் மரியாதை.

கடைசி ஆட்சேபத்தில் விளையாட்டு இல்லை. எல்லாக் காதடைப்பையும் கவலையின் தலையில் கட்டினால், ஆபத்தானது ஒன்று தப்பிவிடும். ஒரு காது திடீரெனக் கேளாமல் போனால், அது உட்செவி நரம்புக் கோளாறாக இருக்கக்கூடும். காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதை அவசர நோயாகவே பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். ஒரு சிறு அடையாளமும் உண்டு: வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகும்போது ஓசை அடைத்த காதில் ஓங்கிக் கேட்டால் அது பெரும்பாலும் அழுக்கு, நீர் போன்ற அடைப்பு, நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். முனகல் என்ன சொன்னாலும், கேட்கும் திறன் திடீரென்று குறைந்தவர் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். இதை எழுதாமல் விட முடியாது. எழுதியதன் மூலம் கவலைக்காரர்களின் கையில் இன்னொரு சோதனையைக் கொடுத்தாயிற்று என்பதும் தெரியும். இந்தப் பத்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்நேரம் முனகிப் பார்த்திருப்பார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாம் முறை என்பதெல்லாம் அடுத்த ஆய்வுக்கான பொருள்.