அந்தப் பீரியட்ல தூங்கு, கண்ணு

இன்ஜினீயரிங் படிக்கிற புள்ளைக்குத் தூக்கம் ரொம்ப முக்கியம்டா கண்ணு. ராத்திரி பூரா லேப் ரெக்கார்டு, விடிஞ்சா கோடிங்கு, சாயங்காலம் பிளேஸ்மென்ட் பயிற்சி. எப்பதான் கண்ணசருவ? அதை யோசிச்சித்தான் டில்லியில ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருக்காங்க. ஏஐசிடிஇ 2018-ல போட்ட மாதிரிப் பாடத்திட்டத்துல மொத்தம் 160 கிரெடிட்டு. அதுல கலை, சமூக அறிவியல், மேலாண்மை எல்லாத்துக்கும் சேத்து 12. அந்தப் பன்னெண்டையும் நீ தூக்கத்துக்குனு ஒதுக்கிட்டது கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆம்பூர் பிரியாணித் தட்டுல ஓரமா வைக்கிற கத்திரிக்காய் மாதிரி அந்தப் பாடம். வெளியூர்க்காரன் அதை ஒதுக்கிட்டு எழுந்து போயிடுவான். உள்ளூர்க்காரன் ரெண்டாந்தரம் கேட்டு வாங்குவான். ஹாஸ்டலுக்குப் போனப்புறம் நீயும் வெளியூர்க்காரனாயிட்ட, அதுல ஒண்ணும் தப்பில்ல.

நீ படிக்கிற காலேஜு எதுனு இங்க எழுத மாட்டேன். அவங்களுக்கும் ஒரு மானம் இருக்கு இல்ல?

எந்தப் பாடம் எடுத்திருக்கேன்னு கேட்டேன். சமூகவியல்னு சொன்ன. பரவால்லியே, பையனுக்கு ஊரு நெனப்பு வந்துடுச்சுனு ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன். அப்பால நீயே சொன்ன, ‘அந்த ஸ்லாட்டுதான் தாத்தா காலியா இருந்துது. அந்த மேடம் அட்டென்டன்ஸ் தாராளமா போடுவாங்கனு சீனியருங்க சொன்னாங்க.’ வெக்கப்படாதடா. இதே வேலூரு ஊரீஸ் காலேஜுல படிச்சிட்டு மெட்ராஸ் கிறிஸ்தவக் காலேஜுக்குப் போன ஒரு புள்ள, சொந்தக்காரப் பையன் படிச்சி முடிச்ச தத்துவப் புஸ்தகம் ஓசியில கெடைக்குதேனுதான் தத்துவம் எடுத்துது. கையில காசு கெடையாது. 1908-ல வேதாந்தத்தோட அறநெறி பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிச்சு. 1962-ல ராஷ்டிரபதி ஆச்சு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்னு பேரு, பஸ்ஸுல போற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஓசிக்குப் பாடம் எடுக்கிறதுல தோஷமே இல்ல. எடுத்த புஸ்தகத்தை அந்தப் புள்ள பிரிச்சிப் பாத்துது, அவ்வளவுதான் சங்கதி.

உங்கப்பனுக்கு ஒரு கேள்வி வச்சிருக்கேன், மறக்காம கேளு. காட்பாடிப் பக்கம் 1984-ல வேலூர் பொறியியல் கல்லூரினு ஆரம்பிச்சி, 2001-ல நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி.யை உண்டாக்கின கோ. விசுவநாதன் எந்த இன்ஜினீயரிங் படிச்சாரு? அவரு படிச்சது பொருளாதாரத்துல எம்.ஏ., அதோட சட்டம். இன்னிக்கு அதே வளாகத்துல சமூக அறிவியலுக்கும் மொழிங்களுக்கும்னே தனியா ஒரு பிரிவு நடக்குது. இதைச் சாப்பாட்டுக்கு முன்னால சொல்லாத. அவனுக்குச் சோறு எறங்காது. உன் மாமன் மவ பி.ஏ. வரலாறு சேந்தப்ப, ‘கோட்டையைச் சுத்திக்காட்டற வேலைதான் கெடைக்கும்’னு கல்யாண வூட்டுல நாலு பேரு நடுவுல சொன்னவனாச்சே அவன். எனக்குக் கண்ணுல பொரை வந்தப்புறம் அந்தப் பொண்ணுதான் சாயங்காலம் உக்காந்து புஸ்தகம் படிச்சிக் காட்டறா. நான் மூணாங்கிளாஸு. இதுல வர்ற தேதி, கணக்கு எல்லாம் அவ பாத்துச் சரின்னது.

கோட்டைனு சொன்னதும் ஞாபகம் வருது. 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்க் கலகம். ஸ்கூல்ல ரெண்டு மார்க்குக்கு எழுதியிருப்ப. அதுக்குள்ள நம்ம தொழிலு ஒளிஞ்சிகினு இருக்கறது உனக்குத் தெரியுமா? 1805 நவம்பர்ல, மெட்ராஸ் படைக்குத் தலைவனா இருந்த சர் ஜான் கிராடாக் காலத்துல புதுசா ஒரு உடுப்பு விதி வந்துது. நெத்தியில விபூதி, நாமம் கூடாது. தாடி கூடாது. மீசையை வெட்டிக்கணும். தலைக்கு வட்டமா ஒரு புதுத் தலைப்பாகை, அதுல தோல்ல செஞ்ச ஒரு சின்னம். நான் தோல் வேலைக்காரனாச் சொல்றேன், அந்தச் சின்னத்துல செய்நேர்த்திக் குறை ஒண்ணும் இருந்திருக்காது. கனம் சரியா இருந்திருக்கும், தையலு சரியா இருந்திருக்கும். ஆனா சிப்பாய் கனத்தைப் பத்திக் கேக்கல. இது எந்த மிருகத்தோட தோலுனு கேட்டான். மாடுனு ஒருத்தனுக்குச் சந்தேகம், பன்னினு இன்னொருத்தனுக்குச் சந்தேகம். ரெண்டு பேரையும் ஒரே தோலு ஒண்ணாச் சேத்துடுச்சு. தலைப்பாகை வேணாம்னவனுக்குக் கசையடி. அடிச்சா சரியாப் போயிடும்னு துரைமாருங்க நெனச்சாங்க.

விடியறதுக்கு முன்னாலயே கோட்டைக்குள்ள துப்பாக்கி வெடிச்சுது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பினு ஒரு துரை குதிரைப்படையோட வந்து அடக்கினாரு. ரெண்டு பக்கமும் செத்தவங்க நூத்துக்கணக்குல. திப்பு சுல்தான் புள்ளைங்க கோட்டையில காவல்ல இருந்தது ஒரு காரணம், கும்பினி மேல இருந்த பழைய கசப்பு இன்னொண்ணு, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாருக்கும் வாயைத் தொறந்து வச்சது அந்தத் தோலுதான். கடைசியில உடுப்பு விதி வாபஸ். கிராடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் சீமைக்குத் திருப்பிக் கூப்பிட்டுக்கினாங்க. துரைக்கும் படிக்கிற காலத்துல 12 கிரெடிட்டு வச்சிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமானு மாமன் மவளைக் கேட்டேன். ‘அவரும் அந்தப் பீரியட்ல தூங்கியிருப்பாரு தாத்தா’னு சொல்லிட்டா.

துரை கதையை வுடு. நம்ம கதைக்கு வா. நான் சேந்த காலத்துல தோல் ஷெட்டுல ஆவாரம்பட்டை, கடுக்காய்தான். சுண்ணாம்புக் குழியில போட்டு மயிரெடுத்து, பட்டைத் தண்ணியில ஊறவச்சி, தோலு பதமாவுறதுக்கு வாரக்கணக்குல காத்துகினு இருப்போம். 1970-கள்ல அரைப்பதத் தோலை அப்படியே கப்பலேத்தறதை அரசாங்கம் கட்டுப்படுத்தி, முழுசா முடிச்ச தோலா அனுப்புங்கனு சொன்னப்புறம் குரோமு பெருகிச்சு. டிரம்முல போட்டுச் சுத்தவுட்டா ஒரே நாள்ல தோலு நீலமா வெளிய வரும். நாங்கல்லாம் வாயைப் பொளந்துகினு பாத்தோம். மொதலாளிக்குச் சந்தோஷம், எங்களுக்கு ஓவர்டைம். டிரம்மு எத்தனை சுத்து, உப்பு எவ்வளவு, எந்த நேரத்துல குரோமைக் கொட்டணும், எல்லாத்துக்கும் கணக்கு இருந்துது. அந்தத் தண்ணி ஷெட்டை வுட்டு எங்க போவுதுனு மட்டும் கணக்கு கெடையாது. போறதுக்குத்தான் பாலாறு இருக்குதே!

பாலாத்துல மணல் இருந்துது, மணலுக்கடியில ஊத்து இருந்துது. கெணத்துத் தண்ணியில டீ போட்டா உப்புக் கரிக்குதுனு உங்க ஆயா மொதல்ல சொன்னப்ப, பால்காரனைத்தான் திட்டினோம்.

அப்பால வேலூர் குடிமக்கள் நல மன்றம்னு சில பேரு சேந்து 1991-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1996 ஆகஸ்ட் 28-ல நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லிச்சு. ஒரு கிலோ தோலு பதப்படுத்த 35 லிட்டர் தண்ணினு அதுல எழுதியிருக்கு. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நெலம் பாதியோ முழுசோ வெள்ளாமைக்கு ஆவாமப் போச்சுனு எழுதியிருக்கு. தோல் ஷெட்டுங்க ஒவ்வொண்ணும் 10,000 ரூபா அபராதம் கட்டணும்னு போட்டாங்க. காசை வுடு, அது அன்னிக்கே மொதலாளிங்களுக்கு டீச்செலவு. பெருசு இன்னான்னா, கெடுத்தவன்தான் சரிபண்ணச் செலவு ஏத்துக்கணும், கெடுதல் நடக்கறதுக்கு முன்னாலயே தடுக்கணும்னு ரெண்டு விதியை இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு பகுதினு அந்தத் தீர்ப்பு நாட்டி வச்சுது. இந்தியாவுல சட்டம் படிக்கிற புள்ளைங்க வேலூர் வழக்கைத் தாண்டாம சுற்றுச்சூழல் பாடத்தை முடிக்க முடியாது. நீயும்தான் ஊருக்கு வர்றப்பல்லாம் பாலாத்துப் பாலத்தைத் தாண்டற, காதுல வயர் மாட்டிகினு.

அதோட முடிஞ்சுதா? தண்ணியைச் சுத்தம் பண்ண பொதுச் சுத்திகரிப்பு நிலையங்க வந்துது. நல்ல இன்ஜினீயரிங் வேலைதான். 2015 ஜனவரி கடைசி நாள், ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் அப்படி ஒரு நிலையத்துல கழிவு தேக்கி வச்ச தொட்டிச் சுவரு இடிஞ்சிது. பக்கத்துத் தோல் ஷெட்டுல படுத்திருந்த 10 பேரு தூக்கத்துலயே சேறு மூடிச் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்காளத்துப் பசங்க. இந்த எடத்துல நையாண்டி பண்ண எனக்கு வாய் வரல. சுவரு எவ்வளவு கனம் தாங்கும்னு கணக்குப் போடறது உன் படிப்பு. அந்தச் சுவரை ஒட்டி ராத்திரியில யாரு படுத்துக்கறாங்க, வூடு வாசலை வுட்டு அத்தனை தூரம் தாண்டி ஏன் அங்க வந்து படுக்கறாங்கனு கேக்கறது, அட்டென்டன்ஸ் தாராளமா போடற அந்த மேடம் படிப்பு. 2025 ஜனவரியிலயும் இதே பாலாத்துக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு எழுதவேண்டியதா இருந்துது.

சரி, அழுவாச்சி போதும். ஒரு டாக்டரைப் பத்திச் சொல்றேன், அவரு உங்க ஆளு மாதிரி, கைவேலை தெரிஞ்சவரு. பால் பிராண்டு. வைத்தியம் படிக்கறதுக்கு முன்ன லண்டன்ல கட்டட வேலை, தச்சு வேலை கத்துக்கினவரு. 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தாரு. தொழுநோயால மடங்கிப்போன விரலுங்களை, தசைநாரை எடம் மாத்தித் தச்சி நிமித்தினாரு. உலகத்துக்கே புதுசு. நீயா இருந்தா அதோட பிராஜெக்ட் முடிஞ்சுதுனு பச்சை டிக்கு போட்டு, லிங்க்டுஇன்ல படம் போட்டிருப்ப. ஆனா கை நிமிந்த நோயாளிங்கள்ல சில பேரு திரும்பி வந்து பொலம்பினாங்க. மடங்கின கையை நீட்டினா பிச்சை வுழுந்துது, இப்ப நல்ல கைக்கு எவனும் போட மாட்டேன்றான், தொழுநோய் வந்தவன்னு வேலையும் எவனும் குடுக்க மாட்டேன்றான். கத்தி செஞ்ச வேலையில ஒரு குத்தமும் இல்ல. ஊருதான் நிமிரல. அந்த மனுசன் அதையும் தன் வேலையாவே எடுத்துக்கினாரு. நவஜீவ நிலையம்னு ஒண்ணு வச்சி, அங்க நோயாளிங்களுக்கு மரவேலை கத்துக்குடுத்தாரு. தான் சின்ன வயசுல கத்துக்கின தச்சு வேலை அங்கதான் ஒதவிச்சு. காலுல வலி தெரியாததாலதான் புண்ணாவுதுனு கண்டு, அவங்களுக்குனு மெத்துனு ரப்பர் வச்ச செருப்பும் செய்ய வச்சாரு. செருப்பு நம்ம ஊரு சமாச்சாரம். இத்தனை வருஷம் தோலோட பொழங்கின எனக்கு, வலி தெரியாத காலுக்கு ஒரு செருப்பு வேணும்னு தோணவே இல்ல.

இன்னொண்ணு. அண்ணா பல்கலைக்கழகத்துல 2022-லிருந்து மொத வருஷப் புள்ளைங்களுக்கு ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’னு ரெண்டு பாடம் வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் ஒரு கிரெடிட்டு. நெசவு, பானை, ஏரி, எல்லாம் அதுல வருது. உன் சினேகிதன் ஒருத்தன் அதைப் பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி முடிச்சிட்டதாச் சொன்னான். ஒரே ராத்திரியில ஏரி வெட்டினவன் அவன் ஒருத்தன்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முந்தாநேத்து போன் பண்ணி, ‘தாத்தா, தோல் தொழிலும் சமுதாயமும்னு அசைன்மென்ட்டு, நாலு பாயிண்டு சொல்லு’ன்ன. சொன்னேன். நீயும் டக்டக்குனு தட்டிக்கின. அந்த நாலுல ரெண்டு பொய்யி.

எந்த ரெண்டுனு போன்ல கேக்காத, காது கேக்காது. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி வாசல்ல சாயங்காலம் ஷிப்டு வுடற நேரத்துக்குப் போயி நில்லு. வெளிய வர்றவங்கள்ல முக்காவாசி பொம்பளைங்களா இருப்பாங்க. தையல் மிஷின் நிமிஷத்துக்கு எத்தனை தையல் போடும்னு உனக்குத் தெரியும். அது முன்னால ஏன் பொம்பளைங்களையே உக்கார வைக்கிறாங்க, எந்த ஊர்லிருந்து பஸ்ஸுல வர்றாங்க, வூட்டுல புள்ளையை யாரு பாத்துக்கறாங்கனு கேளு. அக்கானு கூப்பிட்டுக் கேளு, ‘மேம்’னாதே, ஓடிப்போயிடுவாங்க. அதுலயே ஒரு பொய்யி அம்புட்டுடும். இன்னொண்ணு ஷெட்டு சம்பந்தப்பட்டது. அதை மாமன் மவ ஒரு நிமிஷத்துல சொல்லிடுவா. ஆனா சும்மா சொல்ல மாட்டா. அவளுக்கும் ஒரு ப்ராஜெக்ட்டு இருக்கு, உன் லேப்டாப்பு ஒரு வாரத்துக்கு வேணுமாம். உங்கப்பன் கல்யாண வூட்டுல சொன்னதுக்கு வட்டினு வச்சிக்க.

கம்ப்யூட்டரையே கேட்டு எழுதிக்கலாம்னு பாக்குறியா? தாராளமா. நான் சொன்ன பாயிண்டை அதுகிட்டயும் தட்டிவுடு, அதுவும் ரெண்டு பொய்யையும் சேத்து அழகா எழுதிக் குடுத்துடும்.

வெள்ளிக்கிழமை குடுக்கணும்னு சொன்னே இல்ல? இன்னிக்குப் புதன்.