சுவரில் மேயும் ஒட்டகம்

ஒன்றாம் வகுப்புச் சுவரின் எழுத்துப் படங்களில் அணிலுக்கும் ஆட்டுக்கும்தான் முதல் மரியாதை. ஈக்கும் தனிப் படம் உண்டு. சத்துணவு நேரத்தில் அது நேரிலேயே வந்து பாடம் நடத்திவிட்டுப் போகும். அரிசி மூட்டை இருக்கும்வரை எலியும் அப்படித்தான்.

ஓணான் பள்ளி வேலியிலேயே தலையாட்டுகிறது. ஒட்டகம்தான் ராஜஸ்தானிலிருந்து வரவேண்டும்.

மாநில விலங்கான நீலகிரி வரையாடு எங்கே? அதைக் காக்கத் தமிழக அரசு 2022இல் 25.14 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. அக்டோபர் 7 வரையாடு தினம். கோடிகள் கிடைத்த வரையாட்டுக்குச் சுவரில் ஓரடி கிடைப்பது அபூர்வம். 2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியான ‘தமிழ் மறவ’னுக்கும் அதே கதிதான்.

அடுத்த முறை சுவருக்கு வண்ணம் அடிப்பவர்களே, ‘வ’ எழுத்துக்கு வரையாட்டை வரையுங்கள். வாத்து கோபித்துக்கொள்ளாது.