போன கிழமைக் கோட்பாடு: இலை பார்க்கும் ஒருநாள் பஸ் பயணம் குறித்த ஓர் ஆய்வு

ரொறன்ரோத் தமிழர் ஒக்ரோபர் மாதத்தில் பஸ் பிடித்து இலை பார்க்கப் போவது ஏன் என்பதே இவ்வாய்வின் சிக்கல். மரபை ஒட்டி ஆய்வு முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வாய்வு விளக்கமுறையிலும் பகுப்பாய்வு முறையிலும் அமைகிறது. தேவைப்பட்ட இடங்களில் ஒப்பீட்டு முறையும், பின்சீற்றிலிருந்து ஒட்டுக்கேட்கும் முறையும் கையாளப்பட்டுள்ளன. ஆய்வுக் களம் ஸ்காபரோவில் ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கி, அல்கொன்குயின் மாகாணப் பூங்காவுக்குள் நுழைந்து, இருட்டிய பிறகு அதே தரிப்பிடத்தில் முடிகிறது. முதன்மை ஆதாரம் ஒரு பஸ். துணைமை ஆதாரம் அதற்குள் இருந்த 52 பேர்.

இத்துறையில் முன்னாய்வுகள் என்று சொல்ல எதுவும் இல்லை. ஊரில் இலை உதிர்வது ஆய்வுப் பொருளல்ல, வேலை. மாசி பிறந்தால் வேம்பு கொட்டத் தொடங்கும். விடியமுன் ஈர்க்கு விளக்குமாற்றோடு முற்றத்தில் இறங்குகிறவர் கூட்டி முடித்து நிமிரும்போது, தொடங்கிய மூலையில் மறுபடியும் சருகு கிடக்கும். அதை அள்ளித் தோட்டத்தில் தாட்பார்கள், அல்லது வேலியோரம் குவித்துக் கொளுத்துவார்கள். அந்த வேம்பின் கீழ் நின்று எவரும் படம் எடுத்ததாகப் பதிவில்லை. அப்படி முப்பது வருடம் சருகு கூட்டிய ஒரு பெரியம்மா இன்றைக்குக் காசு கட்டி, குளிசைப் பெட்டியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 270 கிலோமீட்டர் போய், முன்பின் தெரியாத காட்டில் விழுகிற சருகைப் பார்த்து "என்ன வடிவு!" என்கிறார். கூட்டவேண்டியதில்லை என்பதுதான் இந்த வடிவின் அடிப்படை என்று கொள்ளலாம். அழகியல் துறையினர் இதை மறுக்கக்கூடும். அவர்கள் முற்றம் கூட்டியவர்கள் அல்லர்.

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலத்துக்கு இடமில்லை. பனியும் பனி சார்ந்த இடமும் ஆறாம் திணை என்று புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தில் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஆகவே ஏழாவதற்கு நான் விண்ணப்பிக்கிறேன்: பஸ்ஸும் பஸ் சார்ந்த இடமும். இதற்கு நிலம் நெடுஞ்சாலை 400. பெரும்பொழுது தாங்ஸ்கிவிங் நீள்வார விடுமுறை. சிறுபொழுது விடியல், அதாவது ஏழு மணிக்கு வெளிக்கிடும் என்று சொல்லப்பட்டு எட்டரைக்கு வெளிக்கிடும் விடியல். தெய்வம் சாரதி. உணவு மட்டன் ரோல்ஸ். பறை, வழிகாட்டித் தம்பியின் கையிலிருக்கும் மைக். உரிப்பொருள் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு. யன்னலோரச் சீற்றுக்கு நடக்கும் சண்டையை வைத்து ஊடல் என்பார் உளர். கழிப்பறை வரிசையைக் கண்டவர்கள் இருத்தல் என்பர். இரண்டும் பொருந்தா. உரிப்பொருள் இரங்கலே. இரங்கல் எதன் பொருட்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

பூங்காவின் மேற்கு வாசலில் பஸ் நின்றதும் வழிகாட்டித் தம்பி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்: "போன கிழமை வந்திருக்கோணும்." கிழமை என்பது எங்களூரில் வாரம். முன்சீற்று அங்கிள் அதையே தன் மனைவிக்கு அறிவித்தார். மனைவி பின்சீற்றுக்கு அறிவித்தார். மலைப்பாதையில் எதிரே இறங்கி வந்த வெள்ளைக்காரத் தம்பதியர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னதும் அதுவே. போன வருடம் மகனோடு காரில் வந்த ஒரு அன்ரி, அப்போதும் இதையே சொன்னார்கள் என்று சாட்சி கூறினார். இன்னொரு வருடம் நான் செப்ரெம்பர் மாதமே போயிருக்கிறேன். அப்போது கிடைத்த தரவு: "இன்னும் ஒரு கிழமை போகட்டும், அப்ப பாருங்கோ."

இவற்றிலிருந்து பெறப்படும் விதி: எந்த நாளில் எந்த பஸ்ஸில் போனாலும், இலையின் உச்சம் ஒன்றில் போன கிழமை, அல்லது அடுத்த கிழமை. உச்சத்துக்கு இறந்தகாலம் உண்டு, எதிர்காலம் உண்டு. நிகழ்காலம் இல்லாத வினை இது.

இந்த விதி ஏன் பிழைப்பதில்லை? முதற் காரணம் நாடாளுமன்றம். அல்கொன்குயினில் சர்க்கரை மேபிள் செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் தொடக்கத்திலோ சிவந்து கொட்டிவிடும். அதன் பிறகு பொப்பிளர் வகை மரங்கள் மஞ்சளாகும். கடைசியில் தமராக் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாகப் பிறந்தும் இலையுதிர்க்கும் விசித்திரமான சாதி அது. தாங்ஸ்கிவிங் நாள் ஒக்ரோபரின் இரண்டாவது திங்கள் என்று 1957இல் நிர்ணயித்தார்கள். ஆகவே அது 8ஆம் திகதிக்கு முன் வரவே முடியாது. மேபிளிடம் யாரும் கேட்கவில்லை. லீவு கிடைக்கிற நாளில்தான் பஸ் ஓடும். பஸ் ஓடும் நாளில் மேபிள் பாதி மொட்டை. கனடாக் கொடியில் மட்டும்தான் உச்சம் நிரந்தரம். பதினொரு முனை கொண்ட அந்தச் சிவப்பு இலையை 1965 பெப்ரவரி 15 அன்று முதன்முதலில் ஏற்றினார்கள். அன்றைக்கு ஒட்டாவாவில் எந்த மேபிளில் சிவந்த இலை இருந்திருக்கும்? நாட்டுக்கொடியே பருவம் தவறி ஏறியிருக்கிறது. ஸ்காபரோ பஸ்ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இரண்டாவது காரணம் புவியியல். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்பதால் சற்று நீட்டிச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். நிறம் வடக்கிலிருந்து தெற்கே நடந்து வரும். அல்கொன்குயின் வடக்கே இருப்பது மட்டுமல்ல, மேட்டுநிலமும்கூட. குளிர் முந்தி வரும். ரொறன்ரோவில் மரம் பழுப்பதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஆகவே வடக்கே ஓடும் பஸ் தூரத்தை மட்டும் கடப்பதில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு கிழமை வீதம் காலத்தையும் கடக்கிறது. அன்றைக்கு நான் யன்னலில் குறித்து வைத்தேன். பரி நகரம் தாண்டும்வரை பச்சை. நெடுஞ்சாலை 11இல் ஏறியபின் அங்கங்கே மஞ்சள். கிரேவன்ஹர்ஸ்ட் கடந்ததும், வீதிக்காக வெட்டிய இளஞ்சிவப்புக் கருங்கற் பாறைகளுக்கு மேலே, ஒன்று இரண்டாகச் சிவப்பு. பிரேஸ்பிரிட்ஜுக்கும் ஹன்ஸ்வில்லுக்கும் நடுவே, ஒரு இருபது நிமிடம், இரண்டு பக்கமும் காடு தீப்பிடித்ததுபோல நின்றது. பிறகு பூங்கா, வெறுங்கொப்பு.

அதாவது நிகழ்காலம் இருக்கிறது. அது பிரேஸ்பிரிட்ஜுக்கும் ஹன்ஸ்வில்லுக்கும் இடையில் இருக்கிறது. பஸ் அதற்குள்ளால் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடியபோது, படம் ஓடும் திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று யன்னல் சீலைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. வடிவேலு அடி வாங்கிக்கொண்டிருந்தார். ரோல்ஸ் இரண்டாவது சுற்று வந்தது. என்னையும் சேர்த்து நாலு பேர் வெளியே பார்த்தார்கள் என்று எழுத ஆசைதான். ஆய்வு நேர்மை கருதிச் சொல்கிறேன்: மற்ற மூவரும் பார்த்தது, கழிப்பறை உள்ள பெற்றோல் நிலையம் எப்போது வரும் என்று.

இனிச் சிவப்பைப் பற்றி. பச்சையம் சிதைந்ததும் தெரிகிற மஞ்சள் புதிதல்ல. கரோட்டினாய்டு என்ற அந்த நிறம் கோடை முழுக்க இலைக்குள்ளேயே, பச்சைக்குப் பின்னால் இருந்தது. சிவப்பு அப்படியல்ல. இலைக் காம்பின் அடியில் மரம் ஒரு அடைப்பைக் கட்டத் தொடங்கும். இலையில் அகப்பட்ட சர்க்கரையிலிருந்து அந்தோசயனின் புதிதாகச் செய்யப்படும். கைவிடப்போகிற இலைக்கு மரம் ஏன் செலவழித்துச் சாயம் பூசுகிறது? கிளம்பப்போகிற வாடகை வீட்டுக்கு வர்ணம் அடிப்பாருண்டா? இதற்கு ஒரு சாரார், அது வெயில் மறைப்பு என்பர். இலையிலுள்ள நைதரசனை மரம் திருப்பி எடுத்து முடிக்கும்வரை வெயில் சுடாமலிருக்க ஒரு குடை. மறுசாரார் வில்லியம் ஹாமில்டனும் சாம் பிரவுனும். 2001இல் வெளியான அவர்களின் கருதுகோள் இப்படி: இலையுதிர் காலத்தில் முட்டையிட மரம் தேடி வரும் அசுவினிப் பூச்சிகளுக்கு அது ஓர் எச்சரிக்கை. இவ்வளவு பகட்டாகச் சிவக்க என்னிடம் பலம் இருக்கிறது, உன்னைச் சமாளிக்கவும் பலம் இருக்கிறது, வேறு மரம் பார். இந்தக் கருதுகோள் மேல் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அவர்கள் சொல்வது சரியானால் நிலைமை வேடிக்கையானது. வராதே என்று மரம் போட்ட அறிவித்தலைத்தான் நாங்கள் விளம்பரமாக எடுத்துக்கொண்டு ரிக்கற் வாங்குகிறோம். அசுவினி படித்துவிட்டுத் திரும்பிப் போகிறது.

அல்கொன்குயின் 1893இல் பூங்காவானது. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் அதற்குள் ஏழு தடவை அடங்கும். பஸ்ஸுக்குத் தெரிவது அதில் ஒரேயொரு வீதி. நெடுஞ்சாலை 60 பூங்காவின் தெற்கு ஓரமாக 56 கிலோமீட்டர் ஓடுகிறது. அங்கே இடங்களைக் கிலோமீட்டர் கணக்கிலேயே அறிவார்கள். கிட்டத்தட்ட 40இல் மலைமுகட்டுப் பாதை, 43இல் பார்வையாளர் மையம். இந்த வீதி வருவதற்கு முன், கனூ ஏரிக்கு ரயிலில் வந்து இறங்கியவர்களுள் ஒருவர் ரொம் தொம்சன். கனடாவின் இலையுதிர் காலத்தைக் கனடியரின் கண்ணில் பதித்த ஓவியர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். கையகலப் பலகைகளில் காட்டிலேயே இருந்து தீட்டினார். 1917 ஜூலையில் அதே கனூ ஏரியில் இறந்தார். எப்படி என்று இன்றும் வாதிடுகிறார்கள். அவர் வேர்த்துக் கற்றுக்கொடுத்த பார்வையைத்தான் எழுவர் குழு என்ற ஓவியர் கூட்டம் 1920இல் இயக்கமாக்கியது. நம் ஆய்வுக்கு முக்கியம் வேறு. அவர் அங்கே வழிகாட்டியாகவும் வேலை பார்த்தவர். வசந்தத்தில் போனால் மரம் மொட்டையாகும்வரை இருப்பார். போன கிழமை வந்திருக்கோணும் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. போன கிழமையும் அவர் அங்கேதான் நின்றார்.

நாங்கள் நின்றது மலைமுகட்டில் 25 நிமிடம். இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை. ஏற்றம் சற்றுக் கடுமை. முழங்கால் சம்மதிக்காதவர்கள் பஸ்ஸிலேயே இருந்து மேலே போனவர்களின் பைகளைக் காத்தார்கள். ஏறினவர்கள் பாறை விளிம்புக்கு வந்ததும் செய்த முதல் வேலை, காட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது. குடும்பமாக, சோடியாக, தனியாக, பிறகு எல்லோருமாக. கமராதான் காட்டைப் பார்த்தது. நாங்கள் கமராவைப் பார்த்தோம். அன்றைய பதினாலு மணித்தியாலத்தில் மரத்தை மரமாகப் பார்த்த நேரத்தைக் கணக்கிட முயன்று, படம் எடுக்கும்படி என் கையில் ஐந்து தொலைபேசிகள் வந்து சேர்ந்ததால் கைவிட்டேன். இதை ஆய்வின் எல்லையாகக் கொள்க.

பார்வையாளர் மையத்தில் ஒரு மணித்தியாலம். 1993இல், பூங்காவின் நூற்றாண்டுக்குத் திறந்தது. உள்ளே பாடம் செய்த மூஸ் மான் ஒன்றுண்டு. வெளியே உயிரோடு காணக் கிடைக்காதவர்கள் அதனோடு நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பிறகு பஸ் மேற்கே திரும்பியது. இருபது கிலோமீட்டர் ஓடியபின்தான் தம்பி தலை எண்ணினார். 53.

மறுபடி எண்ணினார். 53. குறைந்தால் என்ன செய்வது என்று வழிகாட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கூடினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். விசாரித்ததில், மூன்றாவது வரிசையில் தேர்மஸிலிருந்து தேத்தண்ணி ஊற்றிப் பக்கத்துக்காரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அன்ரி, மிசிசாகாவிலிருந்து வந்த இன்னொரு தமிழ் பஸ்ஸுக்குரியவர் என்று தெரிந்தது. இரண்டும் வெள்ளை பஸ். இரண்டிலும் அதே வடிவேலு.

"அன்ரி, பஸ் மாறி ஏறீட்டீங்கள்."

"அதுக்கென்ன தம்பி, ரெண்டு பஸ்ஸும் ஒரே மரத்தைத்தானே பாத்தது."

மிசிசாகா பஸ்ஸைத் தொலைபேசியில் பிடித்து ஹன்ஸ்வில் பெற்றோல் நிலையத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் ஒழுங்குபடுத்தியவர் அடுத்த வருடத்துக்குப் பெயர் எழுதும் கொப்பியைச் சுற்றுக்கு விட்டார். இந்தமுறை செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமையே போவோம், மேபிளைப் பிடித்துவிடலாம் என்று தம்பி மன்றாடினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒருவருக்கு அன்றைக்குக் கலியாணவீடு. இன்னொருவருக்குப் பேரனின் பிறந்தநாள். மூவருக்கு வேலையில் லீவு கிடையாது. பெரியம்மாவுக்கு அது புரட்டாதிச் சனி, கோயிலுக்கு எள் எரிக்கப் போகவேண்டும், ரோல்ஸும் தொடமாட்டார். கொப்பியின் தலைப்பில் செப்ரெம்பரை வெட்டி, தாங்ஸ்கிவிங் ஞாயிறு என்று எழுதினார்கள்.

ஹன்ஸ்வில்லில் அன்ரியின் பஸ் எதிரே நின்று ஹோர்ன் அடித்தது. படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி வந்து கொப்பியைக் கேட்டு வாங்கினார். 53ஆவது வரியில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் "யன்னல் சீற்" என்று குறித்துக் கோடிட்டுவிட்டு இறங்கினார்.